பச்சை ஜோடியில் மஞ்சள் குஞ்சு எப்படி? லவ் பேர்ட்ஸ் நிறக் கணக்கு

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடியில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். ஏழெட்டு மாதம் முன்னால் ஒரு பச்சை ஆணும் ஒரு மஞ்சள் ரெட் ஐ பெட்டையும் ஜோடியாக வாங்கி, தனிக் கூண்டில் விட்டேன். பாதிக் குஞ்சு மஞ்சளாக வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு ஈட்டில் 9 குஞ்சு, ஒன்பதும் பச்சை. ஆனால் வியாசர்பாடியில் என் நண்பன் வீட்டில் பச்சைக்கும் பச்சைக்கும் ஒரு மஞ்சள் ரெட் ஐ பிறந்திருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? இந்தப் பறவைகளை வைத்தே மஞ்சளும், முடிந்தால் வெள்ளை ரெட் ஐயும் எடுக்க வழி இருக்கிறதா?

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த 9 பச்சைக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட இப்போது விற்றுவிடாதீர்கள். அதிலும் ஆண் குஞ்சுகளை யார் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்கள் தேடுகிற மஞ்சள் அவற்றின் உள்ளேதான் இருக்கிறது.

நான் இதை இழந்து கற்றுக்கொண்டவன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் 1993ல் என்னிடமும் இதே மாதிரி ஜோடி இருந்தது. மூன்று ஈடு பார்த்தேன், எல்லாம் பச்சை. மனம் விட்டுப்போய் குஞ்சுகளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம், அவற்றில் ஓர் ஆணை வாங்கிப்போன பையன் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தான். உள்ளே இரண்டு மஞ்சள் குஞ்சு, சிவந்த கண்ணோடு. "உங்க பச்சைக்குப் பொறந்ததுண்ணா" என்றான். என்னால் நம்ப முடியவில்லை. அவன் வீட்டு மாடிக்கே போய்க் கூண்டைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் புரிய இன்னும் நாலைந்து வருடம் ஆனது.

உங்களுக்கு விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பச்சை பெயிண்டையும் மஞ்சள் பெயிண்டையும் கலப்பது மாதிரித்தான் பெரும்பாலானவர்கள் நிறத்தை நினைக்கிறார்கள், அவரும் அப்படி நினைத்திருக்கலாம். அவர் சொன்ன "பாதி" ஒரு இடத்தில் சரியாக வரும். அது எங்கே என்று கீழே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பச்சை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுங்கள், மற்ற கணக்கெல்லாம் சுலபமாகிவிடும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுகிற இந்தப் பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர். சுருக்கமாக பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. காட்டில் இருப்பது ஒரே நிறம்தான், கறுப்புக் கோடு போட்ட பச்சை. இன்று நாம் பார்க்கிற நீலம், வெள்ளை, மஞ்சள், சாம்பல் எல்லாம் கூண்டில் வந்த மாற்றங்கள்.

அந்தப் பச்சை இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் மேல்தோலில் மஞ்சள் சாயம் இருக்கிறது. அதற்குக் கீழே பஞ்சு மாதிரி நுண்ணிய காற்றறைகள் உள்ள ஓர் அடுக்கு. அதற்கும் அடியில் மெலனின் என்ற கறுப்புச் சாயம். வெளிச்சம் அந்தப் பஞ்சு அடுக்கில் பட்டுச் சிதறும்போது நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது, மிச்ச வெளிச்சத்தை அடியில் இருக்கும் கறுப்பு விழுங்கிவிடுகிறது. அந்த நீலத்தை மேலே இருக்கும் மஞ்சள் வழியாகப் பார்க்கும்போது பச்சையாகத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் நீலப் பறவை வைத்திருக்கிறவர் கூண்டில் உதிர்ந்த ஒரு நீல இறகை எடுத்துச் சுத்தியால் நன்றாக நசுக்கிப் பாருங்கள். நீலம் போய்விடும், மங்கலான கருஞ்சாம்பல்தான் மிஞ்சும். சாயமாக இருந்தால் நசுக்கினாலும் போகாது.

ஆக மூன்று பொருள்: மஞ்சள், பஞ்சு அடுக்கு, கறுப்பு. இதில் கறுப்பை எடுத்துவிட்டால் நீலம் உண்டாக வழியில்லை, மஞ்சள் மட்டும் மிஞ்சும். கண்ணிலும் கறுப்பு இல்லாததால் ரத்த நிறம் தெரிகிறது. அதுதான் உங்கள் மஞ்சள் ரெட் ஐ, லுட்டினோ. மஞ்சளை எடுத்துவிட்டுக் கறுப்பை விட்டுவைத்தால் நீலப் பறவை. இரண்டையும் எடுத்துவிட்டால் வெள்ளை ரெட் ஐ, அல்பினோ. வெள்ளை என்பது தனியான ஒரு நிறமே இல்லை. லுட்டினோவும் நீலமும் ஒரே பறவையில் சேர்ந்தால் வெள்ளை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

(கேரட் கொடுத்தால் மஞ்சள் ஏறும், மஞ்சள் தண்ணீர் வைத்தால் நிறம் கூடும் என்று சொல்வார்கள். கேனரி என்ற கூண்டுப் பறவைக்குத் தீனியில் இருந்து நிறம் ஏறும். கிளி இனங்கள் தங்கள் மஞ்சளைத் தாங்களே உடம்பில் தயாரித்துக்கொள்கின்றன. கேரட் நல்ல தீனி, கொடுங்கள். நிறத்துக்காகக் கொடுக்க வேண்டாம்.)

சரி, இப்போது பரம்பரைக் கணக்கு. எந்தக் குணமாக இருந்தாலும் குஞ்சுக்கு அப்பனிடம் இருந்து ஒரு சீட்டு, தாயிடம் இருந்து ஒரு சீட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டில் எது வலுவானதோ அது வெளியே தெரியும், மெலிந்தது உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே ஒரு நிறம் காட்டி உள்ளே இன்னொன்றைச் சுமக்கும் பறவையைத்தான் நம் ஆட்கள் ஸ்பிளிட் என்கிறார்கள். "பச்சை, ஸ்பிளிட் ப்ளூ" என்றால் பார்க்கப் பச்சை, உள்ளே ஒரு நீலச் சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்து ஸ்பிளிட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

ரெட் ஐ சீட்டில் ஒரு விசேஷம் உண்டு. அது ஆண், பெண் என்று தீர்மானிக்கிற குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களில் பெண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். அதனால் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவிடம் இருந்து வருவதில் முடிவாகிறது. பெண் பிள்ளையாகப் பெற்றாள் என்று மருமகளைக் குறை சொல்கிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன, அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறவையில் இது அப்படியே தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ரெட் ஐ சீட்டு இசட்டில் மட்டும்தான் இருக்கும். டபிள்யூவில் அதற்கு இடமே இல்லை.

இதனால் பெட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரே சீட்டுதான். ரெட் ஐ சீட்டு இருந்தால் ரெட் ஐயாகவே தெரிவாள், இல்லையென்றால் அவளிடம் அது அறவே கிடையாது. ஒளித்துவைக்க முடியாது. "இது ரெட் ஐ ஸ்பிளிட் ஃபீமேல்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் வாங்காதீர்கள். அப்படி ஒரு பறவை இருக்க முடியாது. ஆணுக்கு இரண்டு சீட்டு இருப்பதால் ஸ்பிளிட்டாக இருக்கலாம்.

இப்போது உங்கள் ஜோடிக்கு வாருங்கள். பச்சை ஆணின் இரண்டு இசட்டிலும் ரெட் ஐ இல்லாத சீட்டு, இங்கே அதைப் பச்சை என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பெட்டையின் ஒரே இசட்டில் ரெட் ஐ சீட்டு. பெண் குஞ்சுக்குத் தாயிடம் இருந்து கிடைப்பது டபிள்யூ, அப்பனிடம் இருந்து பச்சை இசட். அதனால் எல்லாப் பெண் குஞ்சும் பச்சை, உள்ளேயும் ஒன்றும் கிடையாது. ஆண் குஞ்சுக்குத் தாயின் ரெட் ஐ இசட் கட்டாயம் வரும், அப்பனின் பச்சை இசட்டும் வரும். அதனால் எல்லா ஆண் குஞ்சும் பச்சை, ஆனால் ஒவ்வொன்றும் ரெட் ஐ ஸ்பிளிட். இந்த ஜோடி இன்னும் பத்து ஈடு வைத்தாலும் ஒரு மஞ்சள் வராது.

உங்கள் ஆணும் ஸ்பிளிட்டாக இருந்திருந்தால் பாதி மஞ்சள் வந்திருக்கும், நான் மேலே சொன்ன "பாதி" இதுதான். 9 குஞ்சும் பச்சையாக வந்ததே அவன் ஸ்பிளிட் இல்லை என்பதற்குச் சாட்சி. பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒன்பது முறையும் ஒரே பக்கம் விழ 512ல் ஒரு வாய்ப்புதான்.

நண்பன் வீட்டுக் கதை இதற்குள்ளேயே இருக்கிறது. அவருடைய பச்சை ஆண் எங்கோ ஒரு மஞ்சள் தாய்க்குப் பிறந்த ஸ்பிளிட். பச்சைப் பெட்டையோடு சேரும்போது ஆண் குஞ்சுகளுக்குத் தாயின் பச்சை இசட் வந்துவிடுகிறது, அதனால் அவை மஞ்சளாகாது. பெண் குஞ்சுகளில் பாதிக்கு அப்பனின் ரெட் ஐ இசட் வரும், அவை மஞ்சள். நண்பரிடம் சொல்லுங்கள்: அந்த மஞ்சள் குஞ்சு பெட்டை. ஆணா பெண்ணா என்று மூக்கு நிறத்தில் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு சேர்க்கையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அது. மஞ்சள் ஆண், பச்சைப் பெட்டை. உங்கள் ஜோடியின் அதே இரண்டு நிறம், ஆண் பெண் மட்டும் மாறியிருக்கிறது. இதில் பிறக்கிற பெண் எல்லாம் மஞ்சள், ஆண் எல்லாம் பச்சை. குஞ்சு பொரித்து ஓரிரு நாளில் மூடிய இமை வழியாகவே கண் சிவப்பா கறுப்பா என்று தெரிந்துவிடும், அப்போதே ஆண் பெண் பிரித்துவிடலாம். முதன்முதலில் முட்டையிடக் கட்டிய ஒரு பானைக்குள் டார்ச் அடித்து இதைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: சினமன் என்ற பழுப்புக்கோடு வகைக் குஞ்சுகளுக்கும் முதல் சில நாள் கண் திராட்சைப்பழ நிறத்தில் இருக்கும், பிறகு கறுத்துவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரெட் ஐ என்று எழுதுங்கள்.

நீலத்துக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அப்பன், தாய் இருவரிடம் இருந்தும் நீலச் சீட்டு வந்தால்தான் நீலம். பச்சையும் நீலமும் சேர்ந்தால் எல்லாம் பச்சை, எல்லாம் ஸ்பிளிட் ப்ளூ. அந்த ஸ்பிளிட்டை நீலத்தோடு சேர்த்தால் பாதி நீலம். ஸ்பிளிட்டையும் ஸ்பிளிட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று நீலம். 2017ல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சீட்டு எது என்றே கண்டுபிடித்துவிட்டது. மஞ்சள் சாயத்தைத் தயாரிக்கிற ஒரு நொதி, பாலிகெடைட் சிந்தேஸ். அதன் நீண்ட சங்கிலியில் 644ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபான் வந்துவிட்டால் நொதி வேலை செய்யாது, மஞ்சள் உருவாகாது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் பச்சைப் பறவை நீலப் பறவையாகிவிடுகிறது!

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் பச்சை ஆண் குஞ்சுகளில் உடம்பு திடமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேறு இடத்தில் இருந்து ஒரு வெள்ளை ரெட் ஐ பெட்டை வாங்கி அதற்கு ஜோடி சேருங்கள். ஆண் ரெட் ஐ ஸ்பிளிட், பெட்டை ரெட் ஐ. அதனால் குஞ்சுகளில் பாதி ரெட் ஐ, ஆணிலும் பெண்ணிலும். ஆனால் தாயின் நீலச் சீட்டு மட்டும் இருப்பதால் அந்தப் பாதி மஞ்சளாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஸ்பிளிட் ப்ளூ. நீங்கள் கேட்ட மஞ்சள் முதல் ஈட்டிலேயே கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதில் ஒரு மஞ்சள் ஆணை வளர்த்து, உறவில்லாத இன்னொரு வெள்ளை ரெட் ஐ பெட்டையோடு சேருங்கள். எல்லாக் குஞ்சும் ரெட் ஐ, பாதி மஞ்சள், பாதி வெள்ளை. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வயதாவது நிறைந்த பிறகே பானை கட்டி முட்டைக்கு விட வேண்டும் என்பதால் இதற்கு இரண்டு வருடம் ஆகும்.

இரண்டு வெள்ளை ரெட் ஐயை வாங்கி விட்டால் நாளைக்கே எல்லாம் வெள்ளைதானே என்று கேட்பார்கள். வரும். ஆனால் தலைமுறை தலைமுறையாக ரெட் ஐக்கு ரெட் ஐயே சேர்த்துக்கொண்டு போனதில் என் கண் முன்னால் பறவை சிறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நல்ல உடம்புள்ள பச்சையோ நீலமோ சேர்த்துக்கொண்டே இருப்பதுதான் சரி என்பது என் முடிவு. தாயையும் மகனையும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்தாலும் கணக்குக்கு மஞ்சள் கிடைக்கும், அதையும் நான் செய்யமாட்டேன். மறைந்திருக்கிற கெட்ட சீட்டுகளும் அப்போதுதான் ஜோடியாகச் சேர்ந்து வெளியே வருகின்றன.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வெள்ளைப் பறவை எல்லாம் அல்பினோ இல்லை. ஸ்பேங்கிள் என்ற வகையில் இரண்டு சீட்டும் ஸ்பேங்கிளாக வந்துவிட்டால் உடம்பு கிட்டத்தட்டச் சுத்த வெள்ளையாகவோ சுத்த மஞ்சளாகவோ இருக்கும், ஆனால் கண் கறுப்பு. அதை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஒன்றும் வராது. வெயிலில் வைத்து, பக்கவாட்டில் இருந்து கண்ணைப் பாருங்கள். மூக்கைப் பார்த்து ஆண் பெண் சொல்வதிலும் ரெட் ஐயில் தவறு நடக்கும். சாதாரண ஆணுக்கு மூக்கு நீலம். ரெட் ஐ ஆணுக்கு வயதானாலும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவிலேயே நிற்கும், அதைப் பெட்டை என்று நினைத்து இரண்டு ஆணை ஜோடி போட்டுவிட்டு முட்டைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. ரெட் ஐ பெட்டைக்குப் பருவம் வந்தால் மூக்கு பழுப்பாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், நாளைக்கு நீலத்தில் இறங்கினால் தேவைப்படும். டார்க் ஃபேக்டர் என்று ஒரு சீட்டு இருக்கிறது. இது ஒளிந்துகொள்ளாது. ஒன்று இருந்தால் நிறம் ஒரு படி கறுக்கும், இரண்டு இருந்தால் இரண்டு படி. பச்சையில் கிளிப்பச்சை, கரும்பச்சை, ஆலிவ். நீலத்தில் வானநீலம், கோபால்ட், மாவ் என்கிற சாம்பல்நீலம். வானநீலமும் மாவும் சேர்ந்தால் எல்லாம் கோபால்ட். கோபால்டும் கோபால்டும் சேர்ந்தால் பாதிதான் கோபால்ட், கால் பங்கு வானநீலம், கால் பங்கு மாவ்.

ராயபுரத்தில் என் நண்பர் ஒருவர் கோபால்ட் எடுக்க ஆசைப்பட்டு, ஸ்பிளிட் ப்ளூ கரும்பச்சை ஆணை வானநீலப் பெட்டையோடு விட்டார். கரும்பச்சை, கிளிப்பச்சை, கோபால்ட், வானநீலம் நாலும் சமமாக வரும், நாலில் ஒன்று கோபால்ட் என்பது அவர் கணக்கு. மூன்று ஈட்டில் 14 குஞ்சு, கோபால்ட் ஒன்றே ஒன்று. ஜோடியையே மாற்றிவிடலாம் என்று இருந்தார். அந்த ஆணின் அப்பன், தாய் யார் என்று கேட்டேன். அப்பன் ஆலிவ், தாய் வானநீலம் என்றார். விஷயம் அங்கேதான். டார்க் சீட்டும் பச்சை நீலச் சீட்டும் ஒரே குரோமோசோமில் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன, பெரும்பாலும் சேர்ந்தேதான் பயணம் போகும். அவருடைய ஆணில் டார்க், பச்சையோடு ஒட்டிக்கொண்டு அப்பனிடம் இருந்து வந்தது. நீலம் டார்க் இல்லாமல் தாயிடம் இருந்து வந்தது. அதனால் குஞ்சுகளில் கரும்பச்சையும் வானநீலமும்தான் நிறைய வரும். டார்க்கும் நீலமும் ஒன்று சேர வேண்டுமென்றால் இரண்டு குரோமோசோமும் நடுவில் துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும், அது சுமார் 14 சதவீதம்தான் நடக்கும். அதில் பாதி கோபால்ட், பாதி கிளிப்பச்சை. ஆக நூற்றுக்கு ஏழு. அதே கரும்பச்சை ஒரு கோபால்டுக்கும் கிளிப்பச்சைக்கும் பிறந்திருந்தால் நூற்றுக்கு 43 கோபால்ட் வந்திருக்கும். இரண்டு கரும்பச்சையும் பார்வைக்கு ஒன்றுதான், அப்பன் ஆத்தாளைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கணக்கை எல்லாம் நமக்குப் போட்டுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் பிரெமன் நகரில் இருந்த ஹன்ஸ் டுங்கர் என்ற பள்ளி ஆசிரியர். கிரேமர் என்ற வசதியான பறவைப் பிரியரின் கூண்டுகளை வைத்து 1920களில் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, பிறந்ததை எண்ணி எழுதியே இந்தச் சட்டங்களைக் கண்டார். மரபணுவைப் படிக்கிற கருவி ஒன்றும் அன்று கிடையாது. கூண்டு, நோட்டு, பொறுமை மூன்றும்தான்.

நம் மாடிகளில் குறைவது அந்த நோட்டுதான். பெரிய கூண்டில் ஏழெட்டு ஜோடியை ஒன்றாக விட்டு, வரிசையாகப் பானை கட்டிவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எந்தப் பெட்டை எந்த ஆணோடு சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது, பானைக்கு வெளியே காவல் இருக்கிற ஆண்தான் அப்பன் என்று சொல்லவே முடியாது. நிறக் கணக்கு வேண்டுமென்றால் ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி. நீங்கள் தனிக் கூண்டில் விட்டது நல்ல காரியம், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. புதிதாக வாங்கும் பெட்டையை ஜோடி சேர்க்கும் முன் மூன்று வாரமாவது ஆண் இல்லாமல் வையுங்கள், பழைய ஆணின் விந்து அவள் உடம்பில் சில நாள் உயிரோடு இருக்கும். அந்த மூன்று வாரத்தில் ஏதாவது நோய் இருந்தாலும் தெரிந்துவிடும். குஞ்சுக்கு எட்டு, பத்து நாள் வயதில் காலில் வளையம் மாட்டி, நம்பர், பிறந்த தேதி, அப்பன், தாய் எல்லாம் எழுதிவையுங்கள். நாளைக்கு அந்த நோட்டைக் காட்டி ஸ்பிளிட் என்று சொன்னால் வாங்குகிறவர் நம்புவார்.

வாய்ப்பு என்பதையும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நாலில் ஒன்று நீலம் என்றால் நாலு குஞ்சில் கட்டாயம் ஒன்று நீலம் என்று அர்த்தம் இல்லை. ஐந்து குஞ்சு வந்து ஒன்றுகூட நீலம் இல்லாமல் போக ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பத்துக் குஞ்சிலும் வரவில்லை என்றால் அது நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட நடக்காது, அப்போது சந்தேகப்படலாம். ஒரு ஈட்டை வைத்து ஜோடியை மாற்றாதீர்கள்.

கடைசியாக, அந்த மஞ்சள் பெட்டையைப் பற்றி. இரண்டு ஈடு கொடுத்துவிட்டாள். 18 நாள் அடை, பிறகு ஒரு மாதத்துக்கு மேல் குஞ்சுக்கு ஊட்டுவது, இடையில் அடுத்த முட்டை. உடம்பில் இருக்கிற சுண்ணாம்பு எல்லாம் முட்டை ஓட்டுக்குப் போய்விடும். பானை தொங்கிக்கொண்டே இருந்தால் அவள் நிறுத்தமாட்டாள், முட்டை உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு காலையில் கூண்டுத் தரையில் கிடப்பாள். எனக்கு அப்படி இரண்டு போயிருக்கின்றன. பானையை இறக்கிவிடுங்கள், ஆணையும் நாலைந்து மாதம் பிரித்துவையுங்கள். காசிமேட்டில் கணவாய் ஓடு கேட்டு வாங்கி, உப்புப் போக நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, காயவைத்துக் கம்பியில் சொருகுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டாலும் அதுதான் கிடைக்கும். தினையோடு முருங்கைக் கீரையும் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே கூண்டு இருந்தால் பானைக்குள் குஞ்சு வெந்துபோகும், அந்த மாதங்களில் எந்த ஜோடிக்கும் பானை வேண்டாம். இடையில் உங்கள் ஆண் குஞ்சுகளுக்கு மூக்கு நீலமாகத் தொடங்கிவிடும். அவற்றை மட்டும் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டு, வெள்ளை ரெட் ஐ பெட்டையைத் தேட ஆரம்பியுங்கள்.